வெராக்ரூஸ் பேர், மெக்சிகோ சிட்டி மைதானம்: அசூலெஸ் அணி ஆடிய 12 சீசன்கள்

2024 மே மாதம் அமெரிக்காவின் முதல்தர லீக்கான மேஜர் லீக் பேஸ்பால் தன் சாதனைப் பட்டியலைத் திருத்தியது. 1920 முதல் 1948 வரை கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த லீக்குகளின் புள்ளிவிவரங்களையும் அதில் சேர்த்தார்கள். இதனால் 1947இல் இறந்துபோன ஜாஷ் கிப்சன், .372 என்ற சராசரியோடு (ஆயிரம் வாய்ப்புக்கு 372 வெற்றி அடி என்று பொருள்) வாழ்நாள் பேட்டிங் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தார். பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது.

ஆனால் அந்தப் பட்டியலில் கிப்சனின் 1941ஆம் ஆண்டைத் தேடினால் எதுவும் கிடைக்காது. அவர் அந்த ஆண்டு சும்மா இருக்கவில்லை. 33 ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்ஸர்போல எல்லைக்கு வெளியே போகும் அடி, அடித்தார். அவருடைய அடியால் அணிக்குக் கிடைத்த ரன்கள் 124. சராசரி .374. இவ்வளவையும் செய்தது மெக்சிகோவில். ஆடிய அணியின் பெயர் அசூலெஸ் தெ வெராக்ரூஸ், அதாவது வெராக்ரூஸின் நீல அணி.

1940 முதல் 1951 வரை 12 சீசன்கள் மட்டுமே ஆடிய அணி இது. இன்று இல்லை. மெக்சிகோவில் இன்று பேஸ்பால் பார்க்கும் இளைஞர்களுக்கு தியாப்லோஸ் ரோஹோஸ் தெரியும், சுல்தானேஸ் தெரியும், திக்ரேஸ் தெரியும். அமெரிக்காவில் இந்த அணியை யாராவது சொன்னால், 1946இல் ஒரு மெக்சிகோ பணக்காரர் வெள்ளைக்கார நட்சத்திரங்களை விலைக்கு வாங்கப் பார்த்த கதையாகத்தான் சொல்வார்கள். அந்தக் கதையும் முக்கியம்தான். ஆனால் அசூலெஸ் அணியின் பெருமை அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் இருக்கிறது. 1946ஐ மட்டும் சொல்லி முடிப்பது, அந்த அணிக்காக ஆடியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பாஸ்கேல் வந்தார்

மெக்சிகன் லீக் 1925இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் விளையாட்டுப் பத்திரிகையாளர் அலெஹாந்த்ரோ அகிலார் ரெயேஸ். ‘ஃப்ராய் நானோ’ என்ற புனைபெயரில் எழுதியவர். இன்னொருவர் எர்னெஸ்தோ கார்மோனா. முதல் சில ஆண்டுகள் அது தலைநகரைச் சுற்றியே ஓடிய சின்ன லீக். அது பெரிதாக வளர்ந்தது 1930களின் பிற்பகுதியில். வளைகுடாத் துறைமுகமான வெராக்ரூஸின் எல் ஆகிலா அணி, 1937இலும் 1938இலும் பட்டம் வென்றது. கியூபாவின் மாபெரும் ஆட்டக்காரர் மார்ட்டின் டிஹிகோ அந்த அணியில் இருந்தார். 1938இல் அவர் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, 18 வெற்றி, 2 தோல்வி. அதே ஆண்டு .387 சராசரியுடன் லீக்கின் பேட்டிங் பட்டமும் அவருக்கே. பந்து வீசுபவரே பேட்டிங்கிலும் முதலிடம் என்பது பேஸ்பாலில் மிக அரிது.

டிஹிகோ கறுப்பர். அமெரிக்க மேஜர் லீக் அவரை ஒருநாளும் உள்ளே விடவில்லை. மெக்சிகோவில் அப்படி ஒரு தடை கிடையாது. கியூபாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கறுப்பின வீரர்கள் வந்தார்கள், மெக்சிகோ வீரர்களோடு ஒரே அணியில் ஆடினார்கள், ஒரே ஓட்டலில் தங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் ஹோர்ஹே பாஸ்கேல் வருகிறார். 1907இல் வெராக்ரூஸில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சுருட்டுத் தொழிலும் சுங்க முகவர் தொழிலும் இருந்தன. துறைமுக நகரத்தில் சுங்கத் தொழில் கையில் இருந்தால் பணம் எப்படிச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. 1914 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை வெராக்ரூஸைத் தாக்கிப் பிடித்தபோது அவர் சிறுவன். தன் ஊர் மேல் குண்டு விழுந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அமெரிக்கா மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கு வேர் அங்கேதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அரசியல் உறவுகளும் வலுவாக இருந்தன. அதிபராக இருந்த ப்ளுதார்கோ எலியாஸ் காயேஸின் மகளை மணந்தார், பிறகு பிரிந்தார். 1946இல் அதிபர் தேர்தலில் வென்ற மிகேல் அலெமான் அவருடைய பால்ய நண்பர்.

1940இல் அசூலெஸ் அணியைப் பாஸ்கேல் களமிறக்கினார். பெயரில் வெராக்ரூஸ் இருந்தாலும் அணியின் சொந்த மைதானம் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில், தலைநகரின் பார்க்கே டெல்டா. அதே ஆண்டு உருவான தலைநகரின் ரோஹோஸ், அதாவது சிவப்பு அணிக்கும் அதுதான் மைதானம். மல்யுத்த நிகழ்ச்சிகளை நடத்திப் பேர்பெற்ற சால்வதோர் லுத்தெரோத்தும் கார்மோனாவும் சேர்ந்து தொடங்கிய அணி அது. ஒரே நகரம், ஒரே மைதானம், சிவப்பும் நீலமும். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துகொள்ள வேறென்ன வேண்டும்?

அந்தச் சிவப்பு அணிதான் இன்றைய தியாப்லோஸ் ரோஹோஸ். 2025 வரை 18 பட்டங்கள் வென்று லீக்கின் முதல் அணியாக நிற்கிறது. ஆனால் அவர்களுக்கு முதல் பட்டம் கிடைத்தது 1956இல். அதற்குள் நீல அணி 1940, 1941, 1944, 1951 என்று நான்கு பட்டங்கள் வாங்கி, காணாமலும் போயிருந்தது.

நிற வேலி இல்லாத மைதானம்

1940ஆம் ஆண்டின் அசூலெஸ் வீரர்கள் பட்டியலைப் பார்த்தால் மூச்சு முட்டும். அந்தச் சீசனைத் தொரெயோன் அணியில் தொடங்கிய கூல் பாப்பா பெல், பிறகு வெராக்ரூஸுக்கு வந்தார். சீசன் முடிவில் .437 சராசரி, 12 ஹோம் ரன், 79 ரன்கள் எடுத்துக் கொடுத்தது என மூன்றிலும் லீக்கில் முதலிடம். மூன்றும் ஒருவருக்கே கிடைத்தால் டிரிப்பிள் கிரவுன் என்பார்கள். மெக்சிகன் லீக்கில் அதை முதலில் வாங்கியவர் பெல். பிட்சர் லியான் டே வெராக்ரூஸுக்காக அந்த ஆண்டு ஆறு ஆட்டங்கள் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சீசனின் பின்பகுதியில் கிப்சன் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு இன்னும் பலமானது. பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் இடத்தில் கிப்சன், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வில்லி வெல்ஸ், மூன்றாம் பேஸில் ரே டான்ட்ரிட்ஜ். மூன்று பேரும் இன்று கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழரங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை நடத்தியவர் கியூபாவின் லாசரோ சலாசார். பந்தும் வீசுவார், பேட்டும் பிடிப்பார், மேனேஜராகவும் இருப்பார். 1941இல் பட்டத்தை அசூலெஸ் வெகு தூரம் முன்னால் நின்றே வென்றது. அந்த அணியை அந்த ஆண்டின் மேஜர் லீக் அணிகளோடு மோதவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேஸ்பால் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இந்த மூன்று இடங்களில் அவர்களைவிடப் பலமான அணி அப்போது எங்குமே இல்லை என்பது என் எண்ணம்.

இவர்கள் ஏன் வந்தார்கள்? முதலில் பணம். பாஸ்கேல் கொடுத்த சம்பளத்தைக் கறுப்பின லீக்குகளின் கிளப்புகளால் கொடுக்க முடியவில்லை. அங்கே ஒரே நாளில் இரண்டு ஊர்களில் ஆட வேண்டியிருக்கும், பேருந்திலேயே தூங்க வேண்டியிருக்கும். மெக்சிகோவில் வாரத்துக்குச் சில ஆட்டங்கள்தான். தங்க வீடு கிடைத்தது.

ஆனால் பணம் மட்டும் காரணம் இல்லை. வில்லி வெல்ஸ் 1944இல் ஒரு கறுப்பினப் பத்திரிகையாளரிடம் இதை வெளிப்படையாகச் சொன்னார். மெக்சிகோவில் நிறப் பிரச்சினை தனக்கு இல்லை என்றார். நல்ல ஓட்டலில் தங்குகிறேன், நல்ல உணவகத்தில் சாப்பிடுகிறேன், அமெரிக்காவில் கிடைக்காத சுதந்திரம் இங்கே கிடைத்தது என்றார். அங்கே நான் கறுப்பின ஆட்டக்காரன், இங்கே நான் ஒரு மனிதன் என்பது அவர் பேச்சின் சாரம். மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக முதல் ஆட்டம் ஆடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இதைச் சொன்னார்.

1942இல் மான்டி இர்வின் வந்தார். 23 வயது. நியூவார்க் ஈகிள்ஸ் அணியில் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. அதைவிடப் பல மடங்கு தருகிறேன் என்று பாஸ்கேல் அழைத்தார். புதுமனைவியோடு மெக்சிகோ வந்த இர்வின், 63 ஆட்டங்களில் .397 சராசரியும் 20 ஹோம் ரன்னும் அடித்து லீக்கின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார். தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான சீசன் அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் நடுவில் பாஸ்கேல் தன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு ஹோம் ரன் அடி, பரிசு தருகிறேன் என்றதையும் அவர் சொல்வார். எதிரணி மான்டெரேயின் கேட்சர் ராய் காம்பனெல்லா. பிளேட்டுக்குத் திரும்பிய இர்வின் விஷயத்தை அவரிடம் சொன்னார். ஹோம் ரன்னும் வந்தது, பரிசில் காம்பனெல்லாவுக்கும் பங்கு போனது. இர்வினும் காம்பனெல்லாவும் சில ஆண்டுகள் கழித்து மேஜர் லீக்கின் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள்.

இதில் நோக வேண்டியவர்களும் இருந்தார்கள். கறுப்பின லீக்குகளின் கிளப் உரிமையாளர்கள் பாஸ்கேலை வெறுத்தார்கள். கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் கிளப் அவர் மேல் வழக்கே போட்டது. 1942இல் அவர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அந்தக் கிளப்புகளின் கோபத்தில் நியாயம் உண்டு. அவர்கள் வளர்த்த வீரர்களைத்தானே பாஸ்கேல் எடுத்துக்கொண்டார். ஆனால் 1945இல் புரூக்ளின் கிளப்பின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் இருந்த ராபின்சனை எடுத்தபோதும் அந்தக் கிளப்புக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. அதை வரலாறு துணிச்சல் என்று பாராட்டுகிறது. பாஸ்கேலுக்கு மட்டும் கொள்ளைக்காரர் பட்டம். இந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது.

போர்க் காலம் வந்ததும் வீரர்கள் வருவது சிக்கலானது. அமெரிக்காவில் இராணுவ ஆள்சேர்ப்பு நடந்துகொண்டிருந்தது, நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். மெக்சிகோ அப்போது அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்சர் குவின்சி டிரூப் தன் வாழ்க்கைக் கதையில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். 80,000 தொழிலாளர்களை அனுப்பியதற்குப் பதிலாகத் தன்னையும் பிட்சர் தியோலிக் ஸ்மித்தையும் மெக்சிகோ கேட்டு வாங்கியதாக, தன்னைப் பார்க்க வந்த மெக்சிகோ பிரதிநிதி சொன்னாராம். இரண்டு பேஸ்பால் வீரர்களுக்காக இரண்டு அரசுகள் பேசின என்றால், மெக்சிகோவில் அந்த விளையாட்டுக்கு இருந்த இடத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1944இல் அசூலெஸ் மூன்றாவது பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு கியூபாவின் ராமோன் பிரகாஞா பிட்சராக 30 ஆட்டங்கள் வென்றார், 8 தோற்றார். மெக்சிகன் லீக்கில் வேறு யாரும் ஒரே சீசனில் 30 வெற்றியைத் தொட்டதில்லை. அதே சீசனில் அணியை நடத்தியவரும் அவரே. சீசன் தொடக்கத்தில் மேனேஜர் பதவிக்கு அமெரிக்காவின் பழம்பெரும் பேட்ஸ்மேன் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பியை அழைத்து வந்திருந்தார்கள். சில ஆட்டங்களிலேயே அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1946, பண மூட்டை

இந்த ஆண்டைப் புரிந்துகொள்ள ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் அப்போது ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. வீரர் ஒரு கிளப்போடு ஓராண்டு ஒப்பந்தம் போடுவார். ஆண்டு முடிந்ததும் அதே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை கிளப்புக்கு உண்டு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கும். அதனால் ஒரு முறை கையெழுத்துப் போட்டவர், கிளப் விட்டுவிடும்வரை அல்லது விற்றுவிடும்வரை அந்தக் கிளப்புக்கே சொந்தம். பேரம் பேச வேறு இடம் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள், இல்லையென்றால் வீட்டுக்குப் போ. இது சட்டவிரோதமான ஏகபோகம் இல்லையா என்று கேட்டால், 1922இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் தயாராக இருந்தது: பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது.

போர் முடிந்து நூற்றுக்கணக்கான வீரர்கள் இராணுவத்திலிருந்து திரும்பினார்கள். இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம், சம்பளம் ஏறவில்லை. சரியாக அந்த நேரத்தில் பாஸ்கேலும் அவருடைய சகோதரர்களும் பணத்தோடு வடக்கே வந்தார்கள். நண்பர் அலெமானின் தேர்தல் ஜூலையில். அமெரிக்காவிடமிருந்து நட்சத்திரங்களைப் பறித்துக் காட்டினால் மெக்சிகோ மக்களுக்கு எப்படி இருக்கும் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்.

நியூயார்க் ஜயண்ட்ஸின் டேனி கார்டெல்லா வெராக்ரூஸுக்கு வந்தார். 1945இல் 18 ஹோம் ரன் அடித்தவர். புரூக்ளின் கேட்சர் மிக்கி ஓவன் வந்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மாக்ஸ் லேனியர், அந்த சீசனில் ஆடிய ஆறு ஆட்டங்களையும் வென்று முதல் வரிசையில் நின்றவர், அத்தனையையும் விட்டு மே மாதம் கிளம்பினார். 1945இல் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்த வெர்ன் ஸ்டீபன்ஸ் வெராக்ரூஸுக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடிவிட்டு, மனம் மாறி எல்லை தாண்டித் திரும்பிவிட்டார். அன்றைய பெரும் பேட்ஸ்மேன் ஸ்டான் மியூசியலின் முன்னால் பெரும் தொகையை வைத்தார்கள். அவருக்கு இணையான டெட் வில்லியம்ஸையும் கேட்டார்கள். இருவரும் வரவில்லை. ஓய்வுபெற்ற பழம்பெரும் நட்சத்திரம் பேப் ரூத் விருந்தினராக வந்து போனார். எல்லாம் சேர்த்து மேஜர் லீக்கிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 20 பேர்.

அமெரிக்க பேஸ்பாலின் கமிஷனர் ஹாப்பி சாண்ட்லர் போனவர்களுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தார். அவர்களோடு சேர்ந்து ஆடுகிறவர்களுக்கும் சிக்கல் வரும் என்றதால் கியூபாவின் குளிர்கால லீக்கும் அதிர்ந்தது. 2007இல் ஐசிஎல் என்ற தனியார் லீக்குக்குப் போன கிரிக்கெட் வீரர்களை பிசிசிஐ ஒதுக்கிவைத்ததும், 2009இல் மன்னித்துச் சேர்த்துக்கொண்டதும் நினைவிருப்பவர்களுக்கு இந்த வழிமுறை புதிதாகத் தெரியாது.

ஏன் நிலைக்கவில்லை

பெரிய பேர்கள் வந்தும் 1946 பட்டம் வெராக்ரூஸுக்குக் கிடைக்கவில்லை. டாம்பிகோ துறைமுகத்தின் அலிஹதோரெஸ் வென்றது. டாம்பிகோ மைதானத்தின் வெளிப்பகுதியில் ரயில் தண்டவாளம் ஓடியது. ரயில் வரும்போது ஆட்டத்தை நிறுத்தி வழிவிட வேண்டும். மேஜர் லீக்கிலிருந்து வந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. ஒரு வாரம் தலைநகரின் மெல்லிய காற்றில் ஆட்டம். அங்கே அடித்த பந்து வெகுதூரம் பறக்கும், பிட்சரின் கர்வ் பந்து வளைய மறுக்கும். அடுத்த வாரம் டாம்பிகோவின் கடல் மட்டப் புழுக்கம். பயணம் கடினம், மொழி தெரியாது, வயிறு ஒத்துழைக்காது. ஓவன் ஆகஸ்டில் கிளம்பிவிட்டார்.

இதே சிரமத்திலிருந்து ஒருவர் பாடம் கற்றுக்கொண்டார். புவெப்லா அணியில் ஆடிய சால் மாக்லி. அங்கே மேனேஜர் கியூபாவின் அடோல்ஃபோ லூக்கே, பேட்ஸ்மேனின் உடம்பை ஒட்டிப் பந்து போடச் சொல்லிக் கொடுத்த கடுமையான ஆசான். மேட்டு நிலத்தில் வளையாத பந்தை வளைக்கப் பழகிய மாக்லி, தடை நீங்கியதும் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குத் திரும்பி 1950இல் 18 வெற்றி, 4 தோல்வி என்று ஆடினார். மெக்சிகோ அவரைக் கெடுக்கவில்லை, உருவாக்கியது.

அசூலெஸின் உண்மையான பிரச்சினை கணக்கில் இருந்தது. 1946இல் லீக்கில் எட்டு அணிகள். தலைநகரைத் தவிர மற்ற ஊர்களின் டிக்கெட் வருமானம் மேஜர் லீக் சம்பளத்தைத் தாங்காது. வீரர்களைப் பாஸ்கேலின் லீக் தலைமையே ஒப்பந்தம் செய்து அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆக, கிட்டத்தட்ட ஒரே பண மூட்டையிலிருந்துதான் எட்டு அணிகளின் செலவும் போனது. மூட்டை இளைத்ததும் 1947இல் சம்பளத்தைக் குறைத்தார்கள். 1948க்குள் அமெரிக்கர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். பாஸ்கேலும் லீக் தலைமையை விட்டு விலகினார்.

கறுப்பின வீரர்களும் குறைந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. 1947 ஏப்ரலில் ராபின்சனுக்குப் பிறகு வடக்கே கதவு திறந்தது. இளைஞர்களுக்கு அங்கேயே வாய்ப்பு. டான்ட்ரிட்ஜ் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறந்தபோது வயது கடந்துவிட்டது. 1949இல் அவர் மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையில் இருந்த மைனர் லீக் ஒன்றில், மினியாபோலிஸ் அணிக்குச் சென்றார், அடுத்த ஆண்டு அந்த லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வானார். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கூப்பிடவில்லை. கிப்சன் இறந்தது ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில்.

மருத்துவமனை ஊழியரின் வழக்கு

தடைபட்டு ஊர் திரும்பிய கார்டெல்லாவுக்கு பேஸ்பாலில் எங்குமே வேலை இல்லை. அவரோடு ஆடினால் தங்களுக்கும் தடை வருமென்று சின்னக் கிளப்புகள்கூடப் பயந்தன. நியூயார்க் அருகே ஒரு மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தார். 1947இல் வழக்குப் போட்டார். கேட்டது 3,00,000 டாலர் இழப்பீடு.

அவருடைய நிலைமை மற்றவர்களைவிட வலுவானது. மெக்சிகோ போனபோது அவர் 1946க்கான ஜயண்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. எந்த ஒப்பந்தத்தையும் அவர் மீறவில்லை, ரிசர்வ் விதியை மட்டுமே மீறினார். ஆகவே அந்த விதியே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. கீழ் நீதிமன்றம் 1922 தீர்ப்பைக் காட்டி வழக்கைத் தள்ளியது. 1949 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி, விசாரணை நடக்கட்டும் என்றது. வானொலி, தொலைக்காட்சி என்று வியாபாரம் மாநில எல்லைகளைத் தாண்டியிருப்பதை நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெரோம் ஃபிராங்க், சம்பளம் அதிகம் என்பதற்காக அடிமைத்தனம் சரியாகிவிடாது என்ற பொருளில் கடுமையாக எழுதினார்.

கிளப் உரிமையாளர்களுக்கு இது பெரிய ஆபத்து. லேனியரும் இன்னொரு வீரரும் தனியாக வழக்குத் தொடுத்திருந்தார்கள். 1949 ஜூனில் சாண்ட்லர் தடையை விலக்கி எல்லோரையும் திரும்ப அழைத்தார். இலையுதிர் காலத்தில் கார்டெல்லாவோடு சமரசம் பேசி முடித்தார்கள். கைமாறிய தொகை 60,000 டாலர் என்று செய்தி வந்தது, அதில் பாதி வழக்கறிஞருக்கு. 1950இல் கார்டினல்ஸ் அணிக்காக ஒரே ஒரு முறை பேட் பிடித்தார். மேஜர் லீக்கில் அதுவே அவருக்குக் கடைசி.

விசாரணை நடக்காமல் போனதால் விதி பிழைத்தது. 1972இல் அதே விதியை எதிர்த்த வீரர் கர்ட் ஃப்ளட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கை வைக்கவில்லை. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்புதான் அதை உடைத்தது. ஆனால் பாஸ்கேல் வந்த 1946லேயே உரிமையாளர்கள் சிலவற்றைக் கொடுத்துவிட்டார்கள்: குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 5,000 டாலர், பயிற்சிக் காலத்துக்குப் படி, ஓய்வூதிய நிதி. அதே ஆண்டு ராபர்ட் மர்ஃபி என்ற வழக்கறிஞர் வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றதும் ஒரு காரணம். வேறொரு வாங்குபவர் இருக்கிறார் என்ற செய்தி மட்டுமே, அதுவரை நகராத முதலாளிகளை நகர்த்தியது.

பிறகு

1951இல் அசூலெஸ் நான்காவது பட்டத்தை வென்றது. மேனேஜராகப் பதிவாகியிருப்பது பாஸ்கேலின் பெயரே. அத்தோடு அணி கலைந்தது. அடுத்த ஆண்டு பட்டத்தை வென்றது வெராக்ரூஸ் நகரத்தின் சொந்த அணியான எல் ஆகிலா. 1955 மார்ச்சில் சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில் விமானம் மலையில் மோதிப் பாஸ்கேல் இறந்தார். வயது 47. அதே 1955இல் மெக்சிகன் லீக் அமெரிக்க மைனர் லீக் அமைப்பில் டபுள் ஏ என்ற இடைநிலைத் தகுதியோடு சேர்ந்தது. எந்த அமைப்போடு பாஸ்கேல் மோதினாரோ அதன் கீழ்ப்படியில் லீக் உட்கார்ந்தது. பார்க்கே டெல்டா இடிக்கப்பட்டு அங்கேயே பார்க்கே தெல் செகுரோ சோசியல் எழுந்தது. 2000 வரை ஆட்டம் நடந்த அந்த இடத்தில் இப்போது பார்க்கே டெல்டா என்ற பெயரில் ஒரு வணிக வளாகம்.

மெக்சிகோ வீரர்களுக்கு இந்தக் கதையால் என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் கசப்பானது. 1940களில் வெளிநாட்டவர்களுக்குச் சம்பளம் ஏறியபோது உள்ளூர் வீரர்களுக்கு அந்த அளவு ஏறவில்லை. அமெரிக்க வீரர்களைக் கட்டிய அதே கயிறு மெக்சிகன் லீக்கிலும் இருந்தது. வீரரின் உரிமை கிளப்பிடம், எங்கே விற்பது என்பதும் கிளப்பின் முடிவு. 1979இல் பெர்னாண்டோ வலென்சுவேலாவை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் வாங்கியபோது பணத்தின் பெரும்பங்கு கிளப்புக்குப் போனது. 1980இல் வீரர்கள் அனபே என்ற சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சீசன் பாதியில் நின்றது. உரிமையாளர்கள் வேலைநிறுத்தக்காரர்களை ஒதுக்கினார்கள், அவர்கள் சில ஆண்டுகள் தனி லீக் நடத்திப் பார்த்தார்கள், அது தாக்குப்பிடிக்கவில்லை.

மேஜர் லீக்குக்கு விற்கப்படும் இளம் வீரருக்கான தொகையில் 75 விழுக்காடுவரை கிளப்பே எடுத்துக்கொள்ளும் வழக்கம் 2018வரை நீடித்தது. அந்த ஆண்டு, முறைகேடுகள் நடப்பதாகச் சொல்லி, மெக்சிகன் லீக்கிலிருந்து வீரர்களை எடுக்கக் கூடாது என்று மேஜர் லீக் தன் கிளப்புகளுக்குத் தடை போட்டது. 2019இல் புதிய ஒப்பந்தம் வந்தது. வீரருக்கான போனஸ் தனி, கிளப்புக்கான தொகை தனி என்று பிரித்தார்கள்.